சைக்கடெலிக் பாப் என்பது என்ன? ஒரு சிறு இசைக்குழுவின் ஆல்பம் வழியாக எளிய விளக்கம்

சைக்கடெலிக் இசை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது போதைப்பொருள். அடுத்ததாக, கண்ணைப் பறிக்கும் வண்ணச் சுழல்கள் நிறைந்த அறுபதுகளின் சுவரொட்டிகள். போதையில் இருந்தவர்கள் தங்களைப் போன்றவர்களுக்காகச் செய்த இசை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் விசித்திரமாக ஒலிக்கும் எதற்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறவர்களும் உண்டு. இரு தரப்பாரும் அந்த ஒலி எப்படி உண்டாகிறது என்பதைக் கேட்பதே இல்லை. அதைக் கேட்டுப் பார்த்தால், பொறுமையும் கணக்கும் கைத்திறனும் கலந்த ஒரு பட்டறை வேலை நம் முன் விரிகிறது.

அந்த வேலையை விளக்க இங்கே ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஏதென்ஸ் நகரைச் சேர்ந்த 'தி ஒலிவியா ட்ரெமர் கன்ட்ரோல்' என்ற குழு 1996இல் வெளியிட்ட முதல் முழுநீள ஆல்பம் அது. பெயர் நீளமானது: 'மியூசிக் ஃப்ரம் தி அன்ரியலைஸ்டு ஃபிலிம் ஸ்கிரிப்ட்: டஸ்க் அட் கியூபிஸ்ட் காஸில்'. எடுக்கப்படாத ஒரு திரைப்படத்துக்கான இசை என்பது அதன் கற்பனை. 27 பாடல்களும் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நீளமும் கொண்ட இந்த ஆல்பம், இவ்வகை இசையின் ஏறக்குறைய எல்லா உத்திகளையும் ஒரே இடத்தில் கேட்கக் கிடைக்கும் அரிய பாடநூல் என்பது என் கருத்து.

ஸ்டுடியோ ஆல்பமும் மேடைக் கச்சேரியும்

ஸ்டுடியோ ஆல்பம் என்பது, பார்வையாளர் முன் நடந்த கச்சேரியின் பதிவாக இல்லாமல், பதிவு செய்வதற்கென்றே உருவாக்கப்பட்ட பாடல்களின் தொகுப்பு. பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் அது உருவாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாடகை வீட்டின் படுக்கையறையில் பதிவானாலும் அது ஸ்டுடியோ ஆல்பம்தான்.

மேடைக் கச்சேரிக்கும் இதற்கும் உள்ள உறவு, நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு போன்றது. தொடக்க காலச் சினிமா, நாடகத்தை அப்படியே படம்பிடித்தது. பிறகுதான் அண்மைக்காட்சி வந்தது. வெட்டி ஒட்டுதல் வந்தது. ஒரே நடிகர் ஒரே சட்டகத்தில் இரண்டு வேடங்களில் தோன்றுவது சாத்தியமாயிற்று. இவை எதையும் நாடக மேடையில் காட்ட முடியாது. காட்ட முடியாததால் இவற்றை ஏமாற்று வேலை என்று யாரும் சொல்வதும் இல்லை. ஒலிப்பதிவும் இதே பாதையில்தான் வளர்ந்தது. முதலில் நிகழ்ச்சியை அப்படியே பிடித்து வைத்தது. 1960களின் நடுப்பகுதியில், நிகழ்ச்சியாக ஒருபோதும் நடந்திராத ஒலிகளைக் கட்டி எழுப்புவது பாப் இசையில் பரவலாயிற்று. சைக்கடெலிக் பாப் பிறந்தது அந்தத் திருப்பத்தில்தான்.

ஆகவே நமக்குத் தேவையான வரையறை இது: எளிதில் மனத்தில் பதியும் மெட்டுகளைக் கொண்ட சிறு பாடல்களை, ஒலிப்பதிவுக் கருவியையே ஓர் இசைக்கருவியாகக் கையாண்டு, காலமும் இடமும் கலைந்ததுபோன்ற உணர்வு தரும்படி அமைப்பது சைக்கடெலிக் பாப். 'பாப்' என்ற பாதியையும் மறந்துவிடக் கூடாது. மெட்டு உறுதியாக இருப்பதால்தான் அதைச் சுற்றியுள்ள எல்லாம் கலைவதை நம் காது உணர்கிறது.

ரஸ்டன் ஊர் நண்பர்கள்

லூசியானா மாநிலத்தில் ரஸ்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒன்றாகப் பள்ளிக்காலத்தைக் கழித்த நண்பர்கள் நால்வர் வில் கல்லன் ஹார்ட், பில் டாஸ், ஜெஃப் மாங்கம், ராபர்ட் ஷ்னைடர். வீட்டில் பாடல்களைப் பதிவு செய்து, கேசட்டுகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட இந்த வட்டம்தான் பின்னர் 'எலிஃபன்ட் 6' என்ற கூட்டமைப்பாக அறியப்பட்டது. ஷ்னைடர் டென்வர் நகருக்குச் சென்று 'தி ஆப்பிள்ஸ் இன் ஸ்டீரியோ' குழுவைத் தொடங்கினார். மாங்கம் 'நியூட்ரல் மில்க் ஹோட்டல்' என்ற பெயரில் பாடினார். ஹார்ட்டும் டாஸும் ஏதென்ஸில் ஒலிவியா ட்ரெமர் கன்ட்ரோலை நடத்தினர். ஜான் ஃபெர்னாண்டஸ், எரிக் ஹாரிஸ், பீட்டர் எர்ச்சிக் ஆகியோர் அதில் இணைந்தனர்.

ஆல்பத்தை வெளியிட்டது 'ஃப்ளைடாடி' என்ற சிறிய நிறுவனம். சுயாதீன இசை என்பதையும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். உலக இசைச் சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கும் பெருநிறுவனங்களைச் சாராமல், சிறு நிறுவனத்தின் மூலமாகவோ சொந்தமாகவோ வெளியிடப்படும் இசை அது. குறைந்த திறமை என்றோ, அரைகுறைத் தயாரிப்பு என்றோ பொருள் கொள்வது தவறு. செலவு செய்கிறவர் யார், இறுதி முடிவு யார் கையில் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடை மட்டுமே அந்தச் சொல்லில் இருக்கிறது.

இந்த விடைக்கும் ஒலிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வாடகைக் கூடத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கட்ட வேண்டும். ஓர் ஒலியைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்பதற்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது அங்கே ஆடம்பரம். 1966இல் பீட்டில்ஸ் குழுவால் அது முடிந்தது என்றால், லண்டனின் இ.எம்.ஐ. கூடமும் அதன் பொறியாளர்களும் அவர்கள் வசம் இருந்ததே காரணம். 1979இல் ஜப்பானின் டாஸ்காம் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. சாதாரண கேசட்டில் நான்கு தனித்தனித் தடங்களைப் பதிவு செய்ய வல்ல முதல் கருவி அது. அந்த வகைக் கருவி மேசைமேல் இருந்தால், விடிய விடியச் சோதனை செய்தாலும் வாடகை ஏறாது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: சைக்கடெலிக் பாப் பதிவுக் கருவியின் கலை, அந்தக் கலைக்கு நிறைய நேரம் வேண்டும், வீட்டுக் கருவியும் சுயாதீன வெளியீடும் அந்த நேரத்தைக் கொடுத்தன.

நான்கு தடங்களில் பத்து ஒலிகள்

தடம் என்பது, ஒலிநாடாவின் அகலத்தில் ஓர் ஒலிக்கென்று ஒதுக்கப்பட்ட மெல்லிய கோடு. நமக்குப் பழக்கமான கேசட்டில் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதற்குள் நான்கு தடங்கள் இருக்கின்றன: 'ஏ' பக்கத்துக்கு இரண்டு, கேசட்டைத் திருப்பினால் எதிர்த்திசையில் ஓடும் 'பி' பக்கத்துக்கு இரண்டு. வீட்டு ஒலிப்பதிவுக் கருவி இந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்திக்கொள்கிறது. தரம் கூடுவதற்காக நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டுகிறது. ஆகவே 60 நிமிடக் கேசட்டில் பதிவுக்குக் கிடைப்பது 15 நிமிடங்கள்தான்.

நான்கு தடங்கள் என்றால் நான்கு ஒலிகள்தானே, ஒலிவியா ட்ரெமர் கன்ட்ரோலின் பாடல்களில் அத்தனை குரல்களும் கருவிகளும் எப்படி நிறைந்திருக்கின்றன என்ற கேள்வி எழலாம். அதற்கான உத்தி 'பவுன்ஸ்' எனப்படும் தடக்குறுக்கம்: பல தடங்களில் இருப்பதைக் கலந்து ஒரே தடத்துக்கு மாற்றிவிட்டு, காலியான தடங்களில் புதிதாகப் பதிவது.

கணக்கைப் பார்ப்போம். முதல் மூன்று தடங்களில் கிட்டார், டிரம்ஸ், பாஸ் (அடிச்சுரங்களை வாசிக்கும் கிட்டார்) ஆகியவற்றைப் பதிவு செய்கிறோம். அவற்றைக் கலந்து நான்காம் தடத்துக்கு மாற்றும்போதே, கூடவே ஒரு குரலையும் பாடிச் சேர்த்துவிட்டால் நான்காம் தடத்தில் நான்கு ஒலிகள். இப்போது முதல் மூன்று தடங்களும் காலி. முதல் இரண்டில் புதிதாகப் பதிந்து, மூன்றாவதுக்கு மாற்றும்போது இன்னொன்றைச் சேர்த்தால் மூன்று. பிறகு முதல் தடத்தில் ஒன்றைப் பதிந்து, இரண்டாவதுக்கு மாற்றும்போது ஒன்றைச் சேர்த்தால் இரண்டு. கடைசியாக முதல் தடத்தில் ஒன்று. மொத்தம் பத்து ஒலிகள். எந்த ஒலியும் ஒருமுறைக்கு மேல் நகல் எடுக்கப்படவில்லை.

இதற்கு இரண்டு விலைகள் உண்டு. கலந்துவிட்ட ஒலிகளை மறுபடி பிரிக்க முடியாது. குரல் சற்று அடங்கி ஒலிக்கிறது என்று மறுநாள் தோன்றினால், எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிய வேண்டும். இரண்டாவது விலை, ஒவ்வொரு நகலின்போதும் நாடாவின் இரைச்சல் ஏறி, ஒலியின் கூர்மை மழுங்குவது. இ.எம்.ஐ. கூடத்தின் நான்கு தடக் கருவியில் ஓர் அங்குல அகல நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது. வீட்டுக் கருவியிலோ நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான நாடா 9.5 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மழுங்கல் இங்கே பல மடங்கு தெளிவாகத் தெரியும். ஆனால் மழுங்கிய ஒலி நம் காதுக்குத் தொலைவில் இருப்பதாகவும், கடைசியில் பதிந்த கூர்மையான ஒலி பக்கத்தில் இருப்பதாகவும் தோன்றுகிறது. கருவியின் குறைபாடே பாடலுக்குள் ஓர் ஆழத்தை உண்டாக்கிவிடுகிறது. ஒலிவியா ட்ரெமர் கன்ட்ரோல் நான்கு தடக் கருவிகளிலும் எட்டுத் தடக் கருவிகளிலும் வேலை செய்தது. ஷ்னைடர் டென்வரில் நடத்திய கூடத்தில் ஆல்பம் முழு வடிவம் பெற்றது. ஒரு பெரிய வீட்டின் வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு பாடல்கள் நடப்பதாக இந்த ஆல்பத்தில் தோன்றுவதற்கு இந்த ஆழ வேறுபாடே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கேசட்டைத் திருப்பிப் போட்டால்

இந்த இசையின் மிகப் பரிச்சயமான ஒலி, எங்கிருந்தோ உறிஞ்சப்பட்டு வருவதுபோல மெல்லப் பெருகிச் சட்டென்று அறுந்துபோகும் கிட்டார் ஒலி. அது தலைகீழ்ப் பதிவு. அதன் விசித்திரம் எதில் இருக்கிறது என்பதை அறியக் கோயில் மணியை எண்ணிப் பார்க்கலாம். நாக்கு மணியில் மோதும் கணத்தில் ஒலி முழு வலுவோடு பிறக்கிறது. பிறகு நாதம் சிறிது சிறிதாகத் தேய்ந்து அடங்குகிறது. தட்டி எழுப்பும் ஒலிகளும் மீட்டி எழுப்பும் ஒலிகளும் எல்லாம் இப்படித்தான்: பிறப்பு சட்டென்று, மறைவு மெதுவாக. பிறந்த நாளிலிருந்து காது பழகிய இந்த ஒழுங்கு தலைகீழானதும், இதே கிட்டாரைக் கிட்டார் என்று அடையாளம் காணவே நாம் தடுமாறுகிறோம்.

வீட்டுக் கருவியில் இதைச் செய்வது வியப்பூட்டும் அளவுக்கு எளிது. நான்கு தடங்களும் ஒரே திசையில் பதிவாகியிருப்பதால், கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டால் பாடல் முழுவதும் பின்னோக்கி ஓடும். அப்போது காலியான தடத்தில் கிட்டாரைப் பதிந்து, மறுபடி திருப்பிப் போட்டால் பாடல் நேராக ஓடும். கிட்டார் மட்டும் தலைகீழாக ஒலிக்கும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திருப்பும்போது தடங்களின் வரிசையும் மாறிவிடுகிறது: முதலாவது நான்காவதாகவும், இரண்டாவது மூன்றாவதாகவும் ஆகிவிடும். நான்காம் தடம் காலி என்பதற்காக, திருப்பிய பிறகும் நான்காவதிலேயே பதிந்தால், முதல் தடத்தில் இருந்த பாட்டு அழிந்துபோகும். வாசிப்பவர் இன்னொன்றையும் செய்தாக வேண்டும்: பாடலின் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி எண்ணி, தன் சுரவரிசை எங்கே போய் விழும் என்பதை முன்கூட்டியே கணித்து வாசிக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடிய வேலை அல்ல இது.

அரைக் கட்டை ஏற்றமும் இரட்டைக் குரலும்

நாடாவின் வேகத்தை மாற்றினால் சுருதி மாறும். பதிந்த வேகத்தைவிட இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போகும்; மத்திய ஸ்தாயி சட்ஜம் மேல் சட்ஜமாகும்; நீளம் பாதியாகும். சுமார் 6 சதவீதம் மட்டும் கூட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறும். சுருதியோடு குரலின் குணமும் மாறுகிறது: வேகம் கூடினால் பாடுபவர் இளையவராகத் தெரிகிறார், வேகம் குறைந்தால் டிரம்ஸ் பெரிய மண்டபத்தில் முழங்குவதுபோல் கனக்கிறது. மெதுவாக ஓடும்போது பாடிப் பதிந்து, இயல்பான வேகத்தில் ஓட்டிக் கேட்டால், சுருதி சரியாகவே இருக்கும். குரல் மட்டும் இவ்வுலகைச் சேராததுபோல் ஒலிக்கும்.

ஒரே பாடகர் ஒரே வரியை இருமுறை பாடி இரண்டையும் சேர்ப்பது இன்னோர் உத்தி. எவ்வளவு தேர்ந்த பாடகரானாலும் இரண்டு முறையும் அச்சு அசலாக ஒன்றுபோல் பாட முடியாது. அந்த நுண்ணிய வேறுபாட்டால் குரல் தடித்து மினுங்குகிறது. இருமுறை பாடும் சிரமத்தைத் தவிர்க்க, இ.எம்.ஐ. கூடத்தின் பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966இல் ஒரு வழி கண்டுபிடித்தார்: பாடியதை இன்னொரு நாடாவுக்கு அனுப்பி, மிகச் சிறிய தாமதத்தோடு மூலத்துடன் சேர்த்துவிடுவது. தாமதம் சுமார் 30 அல்லது 40 மில்லிவினாடிக்குள் இருந்தால் காது இரண்டையும் ஒரே குரலாகச் சேர்த்துக்கொள்கிறது. அதைத் தாண்டினால் எதிரொலியாகப் பிரித்துவிடுகிறது. பின்னால், இந்த ஆல்பத்துடன் தரப்பட்ட இரண்டாவது வட்டைப் (சி.டி.) பற்றிச் சொல்லும்போது இந்த எண் மீண்டும் தேவைப்படும்.

சுருக்கமாக: தலைகீழ்ப் பதிவு ஒலியின் பிறப்பையும் மறைவையும் இடம் மாற்றுகிறது, வேக மாற்றம் ஒலியின் வயதையும் உருவையும் மாற்றுகிறது, இரட்டிப்பு, ஒரு குரலை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நிறுத்துகிறது.

நிலைத்த சுருதியும் துண்டு ஒலிகளும்

மேற்கத்திய பாப் பாடலில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து எது வரும் என்ற எதிர்பார்ப்பால்தான் காலம் முன்னோக்கி நகர்வதாக நமக்குத் தோன்றுகிறது. அந்த நகர்வை நிறுத்த விரும்பிய அறுபதுகளின் கலைஞர்கள் இந்திய இசையை நோக்கித் திரும்பினர். பீட்டில்ஸ் 1966இல் பதிவு செய்த 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலின் அடியில் ஒலிப்பது, நம் கச்சேரி மேடைகளில் பாடகருக்குப் பின்னால் ஒலிக்கும் அதே தம்பூரா. ஏறக்குறைய ஒரே கார்டில் நிற்கும் அந்தப் பாடலின் மேல், வட்டமாக ஒட்டப்பட்ட ஐந்து நாடா வளையங்கள் திரும்பத் திரும்ப ஓடின. நாடா தொய்ந்துவிடாமல் இருக்கக் கூடத்தின் ஊழியர்கள் பென்சிலால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

துண்டு ஒலிகளை ஒட்டி இசையாக்கும் முறைக்கு அதற்கும் முந்தைய வரலாறு உண்டு. பாரிஸில் 1948இல் பியேர் ஷேஃபர், ரயில் ஓசைகளைப் பதிவு செய்து அவற்றிலிருந்தே ஓர் இசைப்படைப்பை உருவாக்கிக் காட்டினார். வில் கல்லன் ஹார்ட்டின் மனம் இந்த மரபில் ஊன்றியது; பில் டாஸின் பலமோ இனிய மெட்டும் கூட்டுக்குரலும். இவ்விரு நாட்டங்களும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே இந்த ஆல்பத்தின் தனிச்சிறப்பு. 'ஜம்பிங் ஃபென்சஸ்' இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒளி மிகுந்த பாடல்; ஒருமுறை கேட்டவர் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். ஆல்பத்தின் நடுவில் பத்துப் பகுதிகளாக ஓடும் 'கிரீன் டைப்ரைட்டர்ஸ்' தொகுப்போ, சிறு பாடல் துணுக்குகளிலிருந்து மெல்ல நழுவி, மெட்டே இல்லாத நீண்ட ஒலிப்பரப்புக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. அங்கே சலித்துப்போய்ப் பலர் அடுத்த பாடலுக்குத் தாவிவிடுகிறார்கள். தாவாமல் இருந்தால், அந்த வெறுமைக்குப் பிறகு மெட்டு மீளும்போது அதன் இனிமை பலமடங்காகிறது.

போதைப்பொருளின் பங்கு என்ன?

தொடர்பே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 'சைக்கடெலிக்' என்ற சொல்லை 1950களில் உருவாக்கியவர் மனநல மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட், எல்.எஸ்.டி. போன்ற பொருள்களின் விளைவைக் குறிப்பதற்காகவே அதை உருவாக்கினார். அறுபதுகளின் இசைக்கலைஞர்கள் பலர் அவற்றைப் பயன்படுத்தினார்கள் என்பதும், அந்த அனுபவத்தை ஒலியில் காட்ட முயன்றார்கள் என்பதும் பதிவான வரலாறு. ஆனால் ஓர் உணர்வு எங்கிருந்து வந்தது என்பது வேறு, அந்த உணர்வைத் தரும் ஒலி எப்படிச் செய்யப்பட்டது என்பது வேறு. எந்தப் பொருளை உட்கொண்டாலும் கிட்டார் தலைகீழாக ஒலிக்காது. கேசட்டைத் திருப்பிப் போட்டு, சரியான தடத்தைத் தேர்ந்து, முடிவிலிருந்து எண்ணினால்தான் ஒலிக்கும். கேட்பவருக்கும் எந்தப் பொருளும் தேவையில்லை. காலம் கலைந்த உணர்வு நாடாவிலேயே பதிந்திருக்கிறது. இந்த உழைப்பையெல்லாம் போதையின் கணக்கில் எழுதிவிடுவது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் பெரிய அநீதி.

இரண்டு வட்டுகளைச் சேர்த்துக் கேட்பது

ஆல்பத்தின் தொடக்கப் பிரதிகள் சிலவற்றுடன் 'எக்ஸ்பிளனேஷன் 2' என்ற பெயரில் ஒரு கூடுதல் வட்டும் தரப்பட்டது. அதில் பாடல்கள் கிடையாது. நீண்டு மிதக்கும் ஒலிப்பரப்புகள் மட்டுமே. அதைத் தனியாகவும் கேட்கலாம். முதல் வட்டுடன் ஒரே நேரத்தில் ஓடவிட்டு நான்கு ஒலிபெருக்கிகளிலிருந்தும் கேட்கலாம். 'தி ஃப்ளேமிங் லிப்ஸ்' குழு நான்கு வட்டுகளை ஒன்றாக ஓட்டிக் கேட்க வேண்டிய 'ஸைரீக்கா' ஆல்பத்தை வெளியிட்டது இதற்கு அடுத்த ஆண்டான 1997இல்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு கருவிகளின் பொத்தான்களை இரு கைகளாலும் அழுத்தும்போது, எவ்வளவு முயன்றாலும் சிறிது முன்பின் ஆகும். ஒவ்வொரு கருவியின் உள்கடிகாரமும் மிகச் சிறிதளவு வேறுபடும். லட்சத்தில் ஐந்து பங்கு வேறுபட்டால்கூட ஒரு மணி நேர முடிவில் இரண்டும் சுமார் 180 மில்லிவினாடி விலகியிருக்கும். காது ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் 30, 40 மில்லிவினாடி எல்லையைவிட அது பலமடங்கு அதிகம். டிரம்ஸை ஒரு வட்டிலும் பாஸை இன்னொன்றிலும் வைத்திருந்தால் தாளம் சிதறிப்போயிருக்கும். இரண்டாவது வட்டில் தாளக்கட்டு இல்லாத, விளிம்பு கரைந்த ஒலிகள் இருப்பதால், விலகல் எதையும் கெடுப்பதில்லை. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறொரு சேர்க்கைதான் பிறக்கிறது.

டாஸ் 2012இலும் ஹார்ட் 2024இலும் காலமானார்கள். ஆல்பம் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. புதிதாகக் கேட்பவர்கள் 'ஜம்பிங் ஃபென்சஸ்' பாடலில் தொடங்கலாம். மெட்டு பழகிய பிறகு, நல்ல ஹெட்போனில் முதல் பாடலிலிருந்து வரிசை மாற்றாமல் கேட்பது நல்லது. பாடல்களுக்கு இடையே வெட்டு எங்கே விழுகிறது, எந்த ஒலி அருகில் இருக்கிறது, எது நகலெடுக்கப்பட்டுத் தொலைவுக்குப் போயிருக்கிறது என்பதை மட்டும் முதல் தடவை கவனித்தால் போதும். இரண்டு ஒலிக்கருவிகள் வீட்டில் இருந்தால் இரண்டாவது வட்டையும் தேடிப் பிடித்து, ஓர் அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். நடுவில் உட்காருவதைவிட, அறைக்குள் மெல்ல நடந்துகொண்டே கேட்டால் இரண்டு இசைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து விலகுவது தெளிவாகத் தெரியும்.